குடைப்பூனையை யார் கொண்டுபோவது

நாகிஷிமா
ஆகஸ்ட் 20

மிசாதோவுக்கு,

வெயில் இன்னும் இறங்கவில்லை. சில்வண்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழுவதில்லை. சரிவில் மிகான் ஆரஞ்சுக் காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டன. பாதியைக் கிள்ளிப் போட்டால்தான் மீதி தேறும் என்று தினமும் கிள்ளிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் கடிதத்தில் முதலில் பருவத்தைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். சொல்லிவிட்டேன்.

போன் பண்ணினேன். என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணன் போனிலிருந்து பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார். கிழித்தாலும் இரண்டு வரி கண்ணில் பட்டுவிடும்.

முன்னோரைக் கும்பிட ஓபோனுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? மாட்சுயாமாவில் நாம் ஜெயித்த கதையைச் சித்தப்பா கேட்டார். என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணி பட்டன அமுக்கினாங்க சித்தப்பா, யோசிச்சதெல்லாம் நான்" என்றாய். அவருக்குப் பீர் புரையேறிவிட்டது. அந்தச் சித்தப்பாவுக்கு எதைச் சொன்னாலும் புரையேறும், அவர் கல்யாணத்திலேயே புரையேறிப் பாதியில் எழுந்து போனவர், அது வேறு கதை. ஆனால் மற்றவர்களும் சிரித்தார்கள். அதனால்தான் நானும் சொன்னேன், "வீட்ட விட்டு ஓடினவளுக்கு யோசிக்க நேரம் கெடைக்கும், எனக்கு ஏது" என்று. சொன்னதை மாற்றப் போவதில்லை. நீ மறுநாள் முதல் படகைப் பிடித்துப் போய்விட்டாய். உனக்கென்று ஐஸ் தண்ணீரில் போட்டுவைத்த சோமென் நூடுல்ஸ் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. கோழிதான் தின்றது.

சரி, அதை விடு. இப்போது என்ன செய்யப் போகிறோம்? 'நூறு பூதம்' வீடியோ ஆட்டத்தின் ஜோடிப் போட்டியில் நம் இரண்டு பேர் பெயரும் கோபே இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. ஜெயித்த ஜோடியில் ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தியும் வெளியே. ஆள் மாற்ற முடியாது. ஆளுக்கு மூன்று பூதம், மொத்தம் ஆறு. ஒரே பூதம் இரண்டு பேரிடம் இருக்கக்கூடாது. களத்தில் உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பேசாமல் இதை எப்படிச் செய்வது?

நீயே யோசி. யோசிப்பவள் நீதானே.

கினுயோ

*

ஒசாகா
ஆகஸ்ட் 27

கினுயோ அண்ணிக்கு,

முன்னுரை கிடையாது.

போட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சோமென் பற்றியோ சித்தப்பா பற்றியோ எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நம் ஆறும் அடிக்கிற பூதங்கள். என் இடிவண்டு, வாள்கீரி, பனிக்கொக்கு மூன்றும் வேகமானவை. முந்திக்கொண்டு அடிக்கும். உங்கள் பாறை ஆமையும் உலைநரியும் மெதுவானவை, பலமானவை. மணித்தவளை மணியடித்து அறையைத் தலைகீழாக்கினால், மெதுவானவை முதலில் அடிக்கும். இது வரைக்கும் சரி. ஆனால் எதிரியின் அடியைத் தாங்க ஆறில் ஒன்றுகூட இல்லை. மாட்சுயாமாவில் அது போதுமாக இருந்தது. கோபேக்கு வருகிறவர்கள் மணியடிக்கும் முன்பே தவளையைத் தூக்கிவிடுவார்கள்.

நமக்குக் குடைப்பூனை வேண்டும். அது குடையை விரித்தால் எதிரி யாரைக் குறிவைத்தாலும் அடி பூனைமேல் விழும். பூனை விழுவதற்குள் பக்கத்தில் நிற்பது தன் வேலையை முடித்துக்கொள்ளும். உலைநரியை எடுத்துவிட்டு நீங்கள் பூனையைக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. ஆமையின் தரைக்குலுக்கலை எடுத்துவிடுங்கள். அது பக்கத்தில் நிற்கிற நம் பூதத்தையும் சேர்த்து வீழ்த்தும். மாட்சுயாமா கடைசி ஆட்டத்தில் என் இடிவண்டை நீங்கள் வீழ்த்தியதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். இன்னும் இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மிசாதோ

*

நாகிஷிமா
செப்டம்பர் 14

மிசாதோவுக்கு,

புயல் தெற்கே போய்விட்டது, நமக்கு மழை மட்டும். ஆனால் காட்டுப்பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு மேல் அடுக்கில் இறங்கிவிட்டது. பழுக்காத காயையே தின்கிறது. வாய் புளிக்காதா அதற்கு? உன் அண்ணன் தகேஹிரோ தகரத்தைத் தட்டித் தட்டித் துரத்தினார். அது நின்று அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் தின்றது. நீ முன்னுரை இல்லாமல் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பன்றி ஞாபகம்தான் வந்தது. உள்ளே நுழைய ஒரு வாசல் இருக்கிறது என்று அதற்கும் தெரியாது.

பூனை விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டேன்.

ஏன் நான்? அடி வாங்குகிற பூதம் என்றதும் உன் பேனா ஏன் நேராக என் பக்கம் வந்தது? உன் மூன்றில் ஒன்றை எடுத்தால் ஆகாதா? ஆகாது. உன்னுடையவை பறக்கும், ஓடும், முதலில் போய் அடித்துவிட்டு நிற்கும். குடை பிடிக்க கினுயோ இருக்கிறாள். மழையில் உன் அம்மாவை முழங்கால் வைத்தியத்துக்குப் படகேற்றுவது யார்? நீ வரவில்லையே என்று அவர் கேட்கும்போதெல்லாம் "வேல அதிகமாம் அத்த" என்று பொய் சொல்வது யார்? நான் கணக்கெல்லாம் கேட்கவில்லை. ஆட்டத்திலாவது நான் அடிக்கிறேன் என்கிறேன், அவ்வளவுதான்.

அந்த நரியை நான் எங்கே வளர்த்தேன் தெரியுமா? சரிவில் மிகான் ஏற்றும் ஒற்றைத் தண்டவாள வண்டி இருக்கிறதே, அது கீழே போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி ஏறி வரும்வரை நான் மேலே சும்மாதான் நிற்கவேண்டும். நத்தை அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். அந்த நேரத்தில் வளர்த்தேன். ஆமையும் அங்கேதான். அதனால்தான் என் பூதங்கள் எல்லாம் மெதுவாக இருக்கின்றன என்று உன் அண்ணன் சொல்கிறார். அவருக்கு ஆட்டமும் தெரியாது, கேலி பண்ணவும் தெரியாது.

பூனை வேண்டுமென்றால் உன் இடிவண்டை எடுத்துவிட்டு நீ கொண்டுவா.

கினுயோ

*

ஒசாகா
செப்டம்பர் 25

கினுயோ அண்ணிக்கு,

பன்றி எழுதுகிறேன்.

இடிவண்டை எடுக்க முடியாது. அதை ஏன் எடுக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறீர்கள். ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவரை ஜோடி சேர்த்துக்கொண்டு அந்த வண்டோடு போட்டிக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் கோபேக்கு ஒரு படி முன்னால் தோற்றேன். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, நான் வண்டைப் பற்றி யாரிடமும் பேச முடியாது. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இந்த வயசுல பொம்ம" என்பார். இந்த ஆண்டுதான் அந்த மேடைக்கு வழி கிடைத்திருக்கிறது. அது உங்களோடு கிடைத்ததுதான் என் துரதிர்ஷ்டம்.

நீங்கள் வரமாட்டேன் என்றால் நானும் போக முடியாது. அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறீர்கள்.

மாட்சுயாமா ஆட்டத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசி முறையில் உங்களுக்குப் பாறையெறிதலும் இருந்தது. அது ஒரே ஒரு எதிரியை மட்டும் அடிக்கும், என் வண்டைத் தொடாது. அதுவே போதுமாக இருந்தது. நீங்கள் குலுக்கலை அழுத்தினீர்கள். என்னை வேண்டுமென்றே அடித்தீர்கள். அன்றைக்கு என்னைப் பாராட்ட வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

நான் இங்கே முன்பின் தெரியாதவர்களோடு பயிற்சி செய்கிறேன். உங்களிடமிருந்து எந்தப் பூதங்கள் வருகின்றன என்று நவம்பர் தொடக்கத்தில் எழுதுங்கள். பதிவு என் பெயரில் இருக்கிறது. நான்தான் அனுப்பவேண்டும்.

மிசாதோ

*

நாகிஷிமா
அக்டோபர் 12

மிசாதோவுக்கு,

காலையில் கடலிலிருந்து வருகிற காற்றில் குளிர் ஏறிவிட்டது. முதல் மிகான் பறிக்கத் தொடங்கிவிட்டோம். தோல் இன்னும் பச்சைதான். ஒரு பெட்டி இத்துடன் அனுப்புகிறேன். உன் அம்மா அனுப்பச் சொன்னார், நானாக அனுப்பவில்லை.

பாறையெறிதலைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறாய். அந்த அடி பத்துக்கு இரண்டு முறை தவறும். குலுக்கல் தவறாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நீயும் உன் புருஷனும் பிரிந்த அந்தக் குளிர்காலத்தில் கொதாட்சு கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கும் உனக்கும் பேச ஒரு வார்த்தை இல்லை. அத்தை வேறு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் "அண்ணி, இதப் புடிங்க" என்று ஆட்டப் பெட்டியை என் கையில் திணித்தாய். அதற்கப்புறம் நாம் சண்டை போட ஒரு விஷயமாவது கிடைத்தது.

சரி, மாட்சுயாமாவில் நடந்ததைக் கேள். எதை அழுத்துவது என்று உன் பக்கம் திரும்பினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாய். கேட்டால் சொல்லியிருப்பாயோ என்னவோ, கேட்கிற மாதிரி உன் முகம் இல்லை. பாறையை எறிந்து அது தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் தோற்றிருப்போம். உனக்கு அது இன்னொரு தோல்வி, அவ்வளவுதான். எனக்கு? நான் சாகும்வரை ஒவ்வொரு ஓபோனுக்கும் "அண்ணி தவற விட்டாங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். அதனால் தவறாததை அழுத்தினேன். உன் வண்டு விழுந்தது. ஜெயித்தோம். மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி அதைத்தான் அழுத்துவேன். குலுக்கலை எடுக்கமாட்டேன்.

உன் அண்ணன் நேற்று சாப்பிடும்போது, "ரெண்டு பேரும் ஒரு பூனைக்காகவா அடிச்சுக்கிறீங்க, நான் வேணா ஒண்ணு புடிச்சுத் தரேன், படகுத்துறையில நெறைய திரியுது" என்றார். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்கிறார். அவருக்கு மிசோ சூப் ஊற்றாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பூனையைக் கொண்டுவரமாட்டேன்.

கினுயோ

*

ஒசாகா
நவம்பர் 2

கினுயோ அண்ணிக்கு,

மிகான் புளித்தது. அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் யாரோடு ஆடினாலும் பூனை இல்லாமல் தோற்கிறேன். நீங்கள் கொண்டுவரமாட்டீர்கள். அதனால் நானே கொண்டுவருகிறேன். இடிவண்டை எடுத்துவிட்டேன். பூனையை வளர்த்தும் முடித்துவிட்டேன்.

இதை உங்களுக்காகச் செய்ததாக நினைக்கவேண்டாம். புத்தாண்டுக்கு எல்லோரும் கூடும்போது, "ஆட்டத்துலயும் அடிய நான்தான் வாங்கினேன்" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இந்த முறை அடியை நான் வாங்குகிறேன். நீங்கள் நரியை வைத்து இஷ்டம்போல் அடியுங்கள்.

மிசாதோ

*

நாகிஷிமா
நவம்பர் 2

மிசாதோவுக்கு,

சரிவு முழுக்க மஞ்சள். கண் கூசுகிறது. இந்த மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, அதற்குள் உன் கோபே வேறு.

என் மூன்றையும் எழுதச் சொன்னாய். பாறை ஆமை, மணித்தவளை, குடைப்பூனை.

படித்துவிட்டுச் சிரிக்காதே. நரியை எடுத்துவிட்டேன். மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. நான் பூனை இல்லாமல் வந்து, அங்கே தோற்று, "அண்ணி ஒரு பூன கொண்டுவரலை, பத்து வருஷக் கனவு போச்சு" என்று நீ ஊரெல்லாம் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. உன் நாக்குக்குப் பயந்துதான் பூனை. அதைப் பறிப்புக்கு நடுவில் வளர்த்தேன். விரல் முழுக்க மிகான் எண்ணெய், பட்டனெல்லாம் பிசுபிசுப்பு. பக்கத்துத் தோட்டத்துக்காரி கேட்டாள், "என்ன கினுயோ, வண்டி வந்து நிக்குது, நீ பூனையக் கொஞ்சிக்கிட்டு இருக்க" என்று. என் நாத்தனார் வாயை அடைக்கிறேன் என்றேன். அவளுக்கும் நாத்தனார் இருக்கிறாள், அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

உன் வண்டை நன்றாகப் பார்த்துக்கொள். அதற்காகத்தான் பூனை அடி வாங்கப் போகிறது.

கினுயோ

*

நாகிஷிமா
நவம்பர் 5, அவசரத் தபால்

மிசாதோவுக்கு,

பறிப்புக் கையோடு எழுதுகிறேன், காகிதம் கறையானால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. என்னுடையதும் உனக்கு வந்திருக்கும். இரண்டு பூனை. ஒரே பூதம் இரண்டு பேரிடம் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். நீ யோசிப்பவளாயிற்றே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? நானும் கேட்கவில்லைதான். நான் பட்டன் அமுக்குகிறவள், என்னிடம் அதை எதிர்பார்க்கமுடியாது.

உன் பூனையை எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை, ஆட்டக் காரணம் சொல்கிறேன், மறுக்க முடியுமா பார். தவளை மணியடித்து அறை தலைகீழானால் மெதுவானதுதான் முதலில் அசையும். நீ பூனையை எப்படி வளர்த்திருப்பாய் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். வேகமாக வளர்த்திருப்பாய். உனக்கு எதையும் ஓடவைத்துத்தான் பழக்கம். தலைகீழ் அறையில் அது எல்லோரும் அடித்து முடித்த பிறகு குடையை விரிக்கும், மழை விட்ட பிறகு விரித்த மாதிரி. என் பூனை ஊரிலேயே சோம்பேறிப் பூனை. முதலில் விரிக்கும்.

நீ வண்டைத் திரும்பக் கொண்டுவா. உன்னுடையவை வேகம், என்னுடையவை நிதானம். நாம் மணியடிப்போமா மாட்டோமா என்று எதிரிக்குத் தெரியாது. அடித்தால் என் ஆமை முந்தும், அடிக்காவிட்டால் உன் வண்டு முந்தும். எதற்கென்று அவன் தயாராவான்? இதை நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். இதையும் நீ யோசித்ததாகச் சொல்லிவிடாதே.

இன்னொன்று. என் நரியிடம் இருந்த மிதவை இறகை ஆட்டத்துக்குள்ளேயே உனக்கு அனுப்பிவிட்டேன். அதை வண்டின் கழுத்தில் கட்டு. இறகு இருக்கும்வரை வண்டு மிதக்கும், தரைக்குலுக்கல் அதைத் தொடாது. ஒரு அடி பட்டால் இறகு உதிர்ந்துவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வண்டு இல்லாமல் நீ வந்தால் நான் படகேறமாட்டேன். கயிறு என் கையில்தான் இருக்கிறது, நீயே சொன்னாய்.

கினுயோ

*

ஒசாகா
நவம்பர் 8

கினுயோ அண்ணிக்கு,

இறகு வந்தது. வண்டைச் சேர்த்து ஆறையும் பதிந்துவிட்டேன். என் பூனை வேகமான பூனைதான்.

சின்-கோபே நிலையத்தில் வடக்கு வாசலில் நிற்பேன். ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் பேசவேண்டாம்.

மிசாதோ

*

நாகிஷிமா
நவம்பர் 28

மிசாதோவுக்கு,

பறிப்பு முடியப் போகிறது. மேல் அடுக்கில் பறவைக்கென்று சிலதை மரத்திலேயே விட்டிருக்கிறோம். பறவையோடு பன்றியும் வந்துவிட்டுப் போகிறது. அத்தையின் முழங்கால் இப்போது தேவலை. நீ வாங்கிக் கொடுத்த கோபே பிஸ்கட்டை ஒளித்துவைத்து ஒளித்துவைத்துத் தின்கிறார்.

கோபேயில் ஆட்டத்தைத் தவிர வேறு பேசக்கூடாது என்றாய், பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

செண்டாய் அண்ணன் தம்பிகளோடு ஆடியதில் என்ன நடந்தது என்று உன் அண்ணன் கேட்டார். சொன்னேன். பூனை குடைபிடித்துப் பிடித்தே விழுந்தது, தவளையும் போனது. கடைசியில் அவர்களிடம் இரண்டு, நம்மிடம் என் ஆமையும் உன் வண்டும். அவர்களுடைய புலி ஒரு கீறு கீறியது, உன் இறகு உதிர்ந்தது. வண்டு தரைக்கு வந்துவிட்டது. இது வரைக்கும் அவருக்குப் புரிந்தது. "அப்புறம் நீ ஏன் அமுக்கலை" என்றார். அது அவருக்குப் புரியாது.

விரல் குலுக்கல்மேல்தான் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மாட்சுயாமா மாதிரியேதான், அதே இடம், அதே வண்டு. அமுக்கினால் இன்னொரு ஓபோன். அமுக்காமல் பாறையை எறிந்து தவறினால் அதுவும் ஒரு ஓபோன். உன் பக்கம் திரும்பினேன். இந்த முறை நீ வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"என்னையும் சேத்து அடிங்க அண்ணி" என்றாய்.

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டாம். நடுவர் வந்து குரலைக் குறைக்கச் சொன்னார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அமுக்கினேன். மூன்றும் விழுந்தன, என் ஆமை மட்டும் நின்றது.

அடுத்த ஆட்டத்தில் தோற்றதற்கு நீதான் காரணம் என்று நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும், எழுதவேண்டியதில்லை.

இனிப்பு ஏறிய மிகான் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். இது அத்தை சொல்லி அனுப்பியதில்லை.

கினுயோ

*

ஒசாகா
டிசம்பர் 5

கினுயோ அண்ணிக்கு,

ஆற்றோரத்து கிங்கோ மரங்களில் கடைசி இலையும் விழுந்துவிட்டது. காலையில் ரயிலுக்கு நிற்கும்போது மூச்சு புகையாகப் போகிறது. நடைமேடையில் எல்லோரும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஆமை மாதிரி நிற்கிறார்கள்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றதற்குக் காரணம் நீங்கள்தான். மணியடிக்க ஒரு முறை தாமதித்தீர்கள். என் கொக்கு விழுந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். எழுதவேண்டாம் என்றாலும் எழுதுவேன்.

செண்டாய் ஆட்டத்தில் நான் சத்தமாகச் சொல்லவில்லை. நீங்கள் அமுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள், கடிகாரம் முடியப்போகிறது, நான் எப்படிச் சொல்லவேண்டும்? அலுவலகத்தில் ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு வந்து, "பக்கத்துல இருந்த ஆமைக்காரம்மா யாரு" என்று கேட்டார். என் அண்ணி என்றேன். அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மிகான் பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை.

புத்தாண்டுக்கு வருகிறேன். சித்தப்பா கேட்டால் நீங்களே சொல்லுங்கள், நான் நடுவில் புகமாட்டேன். தப்பாகச் சொன்னால் மட்டும் திருத்துவேன்.

உங்கள் எண்ணை இன்னும் திறக்கவில்லை. போனில் நீங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் எனக்கு நிலையம் வந்துவிடும்.

அடுத்த ஆண்டு பூனையை நான்தான் கொண்டுவருவேன். மெதுவாக ஒன்றை வளர்க்கத் தொடங்கிவிட்டேன், உங்களுடையதைவிட மெதுவாக. மறுத்து எழுதுங்கள்.

மிசாதோ